மீட்டருக்கு முன் ஒரு செபமாலை

மடு மாதா கோயில் திருநாளுக்குப் புறப்படும்போது, "ஃப்ரிட்ஜையும் கழட்டிட்டன். மற்றதெல்லாம் ஃபோனாலேயே ஓஃப் பண்ணிட்டனம்மா," என்றான் மகன். டீவியில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில், கரண்ட் மீட்டருக்குள் சுழலும் தட்டு நின்ற பிறகுதான் அப்பா எங்களைப் பூசைக்குப் புறப்பட விடுவார். ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் அணைத்தும் அது நிற்கவில்லை. தேடிப் போனால், இயேசுவின் திரு இருதயப் படத்துச் சிவப்பு பல்பு!

அப்பா அதன் பிளக்கில் கை வைத்தார்.

"தொட்டீங்களோ, பூசைக்குத் தனியத்தான் போவீங்க," என்றார் அம்மா. பிறகு செபமாலையை நீட்டினார். "எவ்வளவு தின்னுதெண்டு இதைச் சொல்லி அளந்து பாருங்கோ."

பூசை முடிந்து வந்து, அப்பா பிடிவாதமாக மீட்டருக்கு முன் நின்றார். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஒரு முழுச் செபமாலை பிடித்தது. அவர் வாழ்நாளில் முழுதாகச் சொன்ன முதல் செபமாலை அதுதான்.

இந்த வெள்ளவத்தை ஃபிளாட்டின் மீட்டரில் தட்டில்லை. குறித்த அளவு கரண்ட் ஓடும்போதெல்லாம் ஒருதரம் மினுங்கும் சின்ன விளக்குத்தான். அதன் முன் நின்று செபிக்கத் தொடங்கினேன். இரண்டாவது அருள்நிறை மரியே முடியுமுன் அது கண்ணடித்தது.

"மாதா கொஞ்சம் பொறுப்பா, மகன். முதல்ல பிளக்கெல்லாத்தையும் கழட்டு!"