மூன்றாவது சரணம்

ஜெரோமுக்குக் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு சிறிய பட்டறையில் வேலை. பம்ப் ஷாஃப்டுகளை கிரைண்டிங் மெஷினில் கொடுத்துத் தேய்த்தெடுக்க வேண்டும். நாளெல்லாம் நின்றபடியே இருக்கிற வேலை. முகூர்த்த நாள், நோம்பி, திருவிழா என்று வந்துவிட்டால் மெஷினை நிறுத்திக் கைகால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு பஷீர் பாயின் மெல்லிசைக் குழுவோடு பாடக் கிளம்பிவிடுவார். இளவட்டமாக இருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம். இப்போது வயது அறுபதை நெருங்குகிறது. பாட்டு பிடித்துப் பாடுகிறாரா, விட முடியாமல் பாடுகிறாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

கோயமுத்தூர் வட்டாரத்தில் அவரை 'ஆலந்துறையான் ஜெரோம்' என்றுதான் சொல்வார்கள். ஆலந்துறையான் பழைய சினிமாப் பாட்டுக்காரர். எளிய சொல்லில் எழுதியவர், போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அவருடைய 'வண்டி வருது, வாசல் தெளி' என்ற பாட்டை ஜெரோம் எடுத்தால் மண்டபமே எழுந்து ஆடும். தபேலாவும் டிரம்ஸும் போட்டி போட, கடைசிப் பந்தி வரைக்கும் ஒன்ஸ்மோர் கேட்பார்கள். கேட்கக் கேட்கப் பாடிப் பாடி, அந்தப் பாட்டின் முதல் இசை ஒலித்தாலே அவருக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. சொல்லெல்லாம் தேய்ந்து வெறும் சத்தமாகிவிட்டது. வீட்டில் ரேடியோவில் அது வந்தால் மனைவி அன்புச்செல்வி, அவர் சொல்வதற்கு முன்பே அணைத்துவிடுவாள்.

ஆவணி மாதத்தில் பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி செங்கோடன் வீட்டு வரவேற்புக்குக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். பஷீர் பாய் போனில் ஒரு சங்கதி சொன்னார். லோகப்பிரியா என்று ஒரு பாடகி, ஆலந்துறையானுக்கு அஞ்சலியாக அவருடைய பாட்டுகளை மட்டும் பாடி ஒரு ஆல்பம் போட்டிருக்கிறாளாம். கல்யாணப் பொண்ணு ராத்திரி பகலாக அதையே கேட்கிறாளாம். அதில் இருக்கிற மாதிரிதான் 'வண்டி வருது' வேண்டும் என்கிறாளாம்.

ஜெரோமுக்குச் சுருக்கென்றது. யாரோ ஒரு பிள்ளை பாடினதைப் பார்த்து, தான் பாடின பாட்டைத் தானே புதிதாகப் படிக்க வேண்டுமா என்று நினைத்தார். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமல்லவா?

வரவேற்பு நாளன்று உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டினார். தபேலா இல்லை, டிரம்ஸ் இல்லை. ஒரு வீணை மட்டும் தூரத்தில் கேட்டது. லோகப்பிரியா அவசரமே இல்லாமல் பாடினாள். வாசல் தெளிக்கிறவள் குனிந்து நிமிர எவ்வளவு நேரமாகுமோ, அந்த நிதானத்தில் ஒவ்வொரு வரியாக வந்தது. இழுவை, குழைவு, சங்கதி என்று தன் சாமர்த்தியத்தை எங்கேயும் காட்டவில்லை. சொல்லை முன்னால் விட்டுவிட்டுக் குரல் பின்னால் நடந்தது. 'இதென்ன தாலாட்டா?' என்று முதலில் முகம் சுளித்தவர், கிணத்துக்கடவு வருவதற்குள் பாதியில் நிறுத்தி, அதே பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டிருந்தார்.

இரண்டு சரணம் முடிந்து மூன்றாவது வந்தது. மேடையில் அதை அவர்கள் பாடுவதே இல்லை. படத்தில் அது பொம்பளைக் குரல், அதற்குள் ஆட்டமும் ஓய்ந்துவிடும் என்று ஆரம்பத்திலேயே வெட்டி எறிந்தது. அப்படி ஒன்று இருந்ததையே ஜெரோம் மறந்துபோயிருந்தார்.

'ஓட்டி வந்த கை ஓயட்டும், உருண்ட சக்கரம் சாயட்டும், சந்தைக் கதையை நாளைக்குச் சொல்லு, சாஞ்சுக்க, நான் முழிச்சிருக்கேன்.'

ஆட்டப் பாட்டென்று இத்தனை வருஷம் பாடியது, களைத்து வருகிறவனுக்கு ஒருத்தி பாய் விரிக்கிற பாட்டு. ஜெரோம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். காய்ப்பு ஏறி, ரேகையெல்லாம் கறுத்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததா என்றால் இல்லை. தோள் மட்டும் தானாக இறங்கியது. பொள்ளாச்சி வந்தும் இறங்காமல் இருந்தவரைக் கண்டக்டர்தான் வந்து தட்டினார்.

அன்று மேடையில் அவர் அந்தப் பாட்டை நிதானமாகவே பாடினார். சுருதியை இறக்கச் சொல்லி, மூன்றாவது சரணத்தையும் சேர்த்துப் பாடினார். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு போதவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்ததால் பாதிப் பேர் இலை முன்னால் இருந்தார்கள். கல்யாணப் பொண்ணு ஃபோட்டோவுக்கு நின்றுகொண்டே இவர் பக்கம் திரும்பித் தலையாட்டினாள். முன்வரிசைப் பையன்கள் மட்டும் வேகமான பாட்டாகப் போடச் சொல்லிக் கத்தினார்கள். பஷீர் பாய் கீபோர்டில் வேறொன்றைத் தொடங்கினார்.

சாப்பிடும்போது ஜெரோம் விஷயத்தைச் சொன்னார்.

"பாய், நான் இதோட நிறுத்திக்கறேனுங்க."

பஷீர் பாய் ரசஞ்சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்தார். "அந்தப் புள்ள பாடினதக் கேட்டு மனசு உட்டுப் போச்சுங்களா?"

"அப்படி இல்லீங்க. நான் எறங்கிப்போட்டா இந்தப் பாட்ட ஆரு பாடுவாங்கன்னுதான் இத்தன நாளும் நின்னேன். இப்பப் பாடறதுக்கு ஆளு இருக்குதுங்க. என்னையவிட நல்லாவே பாடுது."

பஷீர் பாய் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு இலையை மடித்தார். பிறகு, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு ஆள் பார்க்க வேண்டுமே என்று மட்டும் சொன்னார். வருத்தமா, கோபமா என்று தெரியவில்லை. அவருக்கும் வயசாகிவிட்டது.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ஜெரோம் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்தார். போனைத் தலைமாட்டில் வைத்து ஆல்பத்தை முதலிலிருந்து போட்டார். கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அன்புச்செல்வி, 'வண்டி வருது' ஒலித்ததும் பழக்கத்தில் அணைக்க எழுந்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவளும் கத்தியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏனுங்க, நீங்களும் கூடச் சேந்து பாடுங்களேன்," என்றாள்.

"வேண்டாங் கண்ணு. அந்தப் புள்ளையே பாடட்டும்."

இரண்டாவது சரணம் பாதியில் இருக்கும்போதே ஜெரோம் தூங்கிப்போனார். அன்புச்செல்வி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவைத்துவிட்டு, மிச்ச வெங்காயத்தை எடுத்தாள்.