மறைந்த சகோதரர்கள்

எங்கள் ஊர் ஃப்ரீமேசன் சங்கத்தின் வரலாற்றை எழுதிவந்த என் கணவர், எங்கள் பட்டாசு ஆலையின் வெடிவிபத்தில் இறந்தார். மருந்து கலந்துகொண்டிருந்த மூன்று தொழிலாளர்களும் அவருடனேயே போனார்கள். மீதி வரலாற்றை நானே எழுதினேன். பெண்களை அனுமதிக்காத அந்தச் சங்க மண்டபத்துக்குள் முதலாளியும் குமாஸ்தாவும் சகோதரர்களே என்று அவர் பெருமையாகக் குறித்திருந்தார். ஆகவே, ‘மறைந்த சகோதரர்கள்’ பகுதியில் நால்வரையும் சேர்த்தேன்.

சிவகாசி அச்சகத்தில் சங்கச் செயலாளர் தயங்கினார்.

“மதினி, அண்ணன் பேரு இருக்கட்டும். மத்த மூணு பேரும் நம்ம உறுப்பினர் இல்லையே?”

“அப்ப அவுகளோட சேத்து உங்க அண்ணன் பேரையும் எடுத்திருங்க, தம்பி.”

“என்ன மதினி இப்படிச் சொல்றீக! அண்ணன் எழுதுன புஸ்தகமாச்சே?”

நான் பேனாவை எடுத்தேன். நான்கு பெயர்களும் நீங்கின.

அச்சாகி வந்த பக்கத்தைப் பார்த்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. அந்த மூவரிடமிருந்து பிரித்து அவரைத் தனியே விட்டுவிடவில்லை என்று மட்டும் தோன்றியது.