சமையல் வேலைக்கு எதற்கு ஓட்டம்

1. கையைப் பார்க்கும் வேலை

ராணுவத்தில் லங்கர் என்று ஒன்று உண்டு. சிப்பாய்களுக்குச் சமைக்கும் இடம். அங்கே இருபது வருடம் கரண்டி பிடித்துவிட்டு, ஹவில்தாராக வெளியே வந்தேன். ஊருக்கு வந்ததும் திருவானைக்காவலில் ஒரு ட்ரேட் டெஸ்ட் சென்டரில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவர்களுக்கு உண்மையிலேயே சமைக்கத் தெரியுமா என்று சோதித்து, பாஸ் போட வேண்டும். பழைய அரிசி குடோன்தான் சென்டர். நான்கு அடுப்பு, ஒரு பரோட்டாக் கல், ஒரு மின்விசிறி.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டெஸ்டுக்கு வருகிறவரின் வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். பெரிய ஓட்டலில் செஃப்பாக இருந்தேன் என்று சொன்ன ஒருவர் வெங்காயத்தைத் தோலோடு நறுக்கினார். கேட்டால், "அங்க தோல் உரிக்கத் தனியா ஆளு இருந்தாங்க சார்" என்றார். இன்னொருவர் வீசிய பரோட்டா மாவு மின்விசிறியில் மாட்டிக்கொண்டு ஐந்தாறு சுற்று சுற்றியது. அவருக்குப் பாஸ் போட்டேன். அவ்வளவு சுற்றியும் மாவு கிழியவில்லை.

பையன்களைப் பெற்றோர் கூட்டி வருவார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "வீட்ல சும்மாதான் சார் இருக்கான். எங்கயாவது அனுப்பி விடுங்க." பழைய இரும்புக்காரரிடம் உடைந்த கட்டிலைக் காட்டுகிற குரல் அது. பையன் பக்கத்திலேயே நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருப்பான். அவனுக்கும் காது கேட்கும் என்பது யாருக்கும் நினைவிருக்காது. எனக்குக் கோபமாக வரும்.

2. விசில்

எங்கள் முதலாளியை எம்.டி. என்று கூப்பிட வேண்டும். கம்பெனியில் மொத்தமே மூன்று பேர், ஆனாலும் எம்.டி. ஒரு நாள் காலையில் என் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார்.

"ஹவில்தார் சார், பெரிய ஆர்டர் வந்திருக்கு. குளிர் நாடு. கேம்ப் கிச்சன்ல ஹெல்பர். அம்பது பேர் வேணும்."

"என்ன டெஸ்ட் சார்? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

"ஓட்டம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆயிரத்தறுநூறு மீட்டர் ஓடணும். அப்புறம் அரிசி மூட்டைய முதுகுல கட்டிக்கிட்டு குனிஞ்சபடியே போகணும். வயசு பதினெட்டுலேருந்து இருபத்தஞ்சு. அவ்ளோதான்."

"வெங்காயம்?"

"வெங்காயமெல்லாம் அவங்க பாத்துப்பாங்க."

"அந்த நாட்டுல சண்டை நடக்குதே சார்."

"சண்டை பார்டர்லங்க. நம்ம பசங்க கிச்சன்ல. சண்டை போடறவனும் சாப்பிடணும்ல?"

"ஓட்டம் எதுக்கு?"

"குளிருக்கு. உடம்பு சூடாகணும்ல."

சமையல்காரனை ஓடவிட்டுப் பார்த்து வேலைக்கு எடுக்கும் இடம் உலகத்தில் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அங்கே நானும் ஓடியிருக்கிறேன். ஒரு தடவை மலை மேல் இருந்த போஸ்டுக்குச் சப்பாத்தி சுட்டு வைத்துக் காத்திருந்தேன். சாப்பிட வந்தவர்கள் குறைவு. வராதவர்கள் எல்லோரும் புதிதாகச் சேர்ந்த சின்னப் பையன்கள். முன்னால் அனுப்புவது எப்போதும் அவர்களைத்தான். அந்தச் சப்பாத்திகளை என்ன செய்தேன் என்று எழுத எனக்கு வரவில்லை.

"சார், இது கிச்சனுக்கு ஆள் எடுக்கிற மாதிரி இல்ல" என்றேன். "உங்களுக்கு மிலிட்டரி புத்தி இன்னும் போகலங்க" என்று சொல்லி, விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார். அவருக்கு உண்மை தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை.

கொள்ளிடக் கரையில் ஓட்டம் நடந்தது. முதலில் வந்தவன் தினேஷ், உப்பிலியபுரத்துப் பையன். சமயபுரத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் தங்கராசு மாஸ்டரிடம் எடுபிடியாக இருந்தான். சமையல் மட்டும் வரவே வராது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இது நல்ல வேலை இல்லப்பா, போகாத" என்றேன்.

"இங்க மட்டும் என்ன சார்? மாஸ்டர் கரண்டிய வெச்சு மொத்துறாரு. வீட்ல சும்மா இருக்கேங்கிறாங்க. அங்க யூனிஃபார்ம்லாம் தராங்களாம்."

"கிச்சன் ஹெல்பருக்கு யூனிஃபார்ம் எதுக்குப்பா?"

"குளிருக்கு சார்."

"வேற என்ன தராங்க?"

"ஹெல்மெட்."

அதுவும் குளிருக்குத்தான் என்று எம்.டி. சொல்லியிருந்தார். மற்ற பையன்களிடமும் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள், மறுபடி ஓடினார்கள்.

3. மாஸ்டர் வந்தார்

பாஸ்போர்ட்டுகளை ஒப்படைக்கும் நாளில் பையன்களும் பெற்றோரும் குடோனில் உட்கார்ந்திருந்தார்கள். தினேஷின் அம்மா முன்வரிசையில். மகன் பாஸான சந்தோஷத்தில் சமயபுரம் பிரசாதம் கொண்டுவந்து எனக்கும் கொடுத்தார். அப்போது தங்கராசு மாஸ்டர் கையில் கரண்டியோடு உள்ளே நுழைந்தார். பெரிய தொப்பை, ஐம்பத்தைந்து வயது. அவரும் இந்த வேலைக்கு விண்ணப்பித்து, வயதைக் காரணம் காட்டித் தள்ளப்பட்டவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்னங்க இது அநியாயம்? சுடுதண்ணி வெக்கச் சொன்னா அடி பிடிக்க விடுறவன் இவன். இவன் பாஸு, நான் ஃபெயிலா?"

"வயசு லிமிட்டுங்க மாஸ்டர்" என்றார் எம்.டி.

"சமையலுக்கு வயசு ஏறினாத்தாங்க ருசி. ரெண்டு பேருக்கும் டெஸ்ட் வைங்க. நான் தோத்தா இந்தக் கரண்டிய இங்கயே வெச்சுட்டுப் போயிடறேன்."

எம்.டி. மறுப்பதற்குள் நான் இரண்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். தினேஷ் உப்புமா கிண்டினான். மாஸ்டர் கேசரி கிண்டினார். தினேஷின் உப்புமாவில் கரண்டியை நட்டால் நின்றது. கேசரியை எம்.டி. ருசி பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் ருசி பார்த்தார். மூன்றாவது தடவை தட்டையே நீட்டினார்.

"பிரமாதம் மாஸ்டர்."

"அப்ப என்னை எழுதிக்கங்க."

"முடியாதுங்க. உங்களால ஓட முடியாது."

மாஸ்டர் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்டார். "அடுப்படியில நிக்கறவன் எதுக்குங்க ஓடணும்? யாரு துரத்தறா?"

எம்.டி. கேசரியை விழுங்கிவிட்டு, "அது வந்து, குளிருக்கு" என்றார். தினேஷின் அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்க மிலிட்டரில இருந்தவருதானே சார். எதுக்கு ஓடச் சொல்றாங்க?"

விசிலைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன்.

"அங்க சமைக்க ஆள் எடுக்கலம்மா. குண்டு விழுற எடத்துல முன்னாடி அனுப்ப எடுக்கறாங்க. அவங்க ஊருப் பையன் செத்தா அவங்க ஊருல கேள்வி கேப்பாங்க. நம்ம பையன் செத்தா அங்க கேக்க ஆளு கெடையாது. இங்கயும் சும்மா இருந்தவன்தானேம்பாங்க."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து, மேஜையில் அடுக்கியிருந்த பாஸ்போர்ட்டுகளில் மகனுடையதைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சும்மாவே இருக்கட்டும் சார்" என்றார்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். எம்.டி. எல்லோரையும் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். மேஜை காலியாகிவிட்டது.

தங்கராசு மாஸ்டருக்கு மட்டும் நடந்தது எதுவும் விளங்கவில்லை. "அது சரிங்க, நான் பாஸா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு தாளில் பாஸ் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த சென்டரில் நான் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான்.

4. கற்றது

இப்போது வேறொரு சென்டரில் இருக்கிறேன். அங்கே டெஸ்டுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இது. வேலை கொடுக்கிறவர் உனக்கு என்ன தெரியும் என்று கேட்காமல், என்ன வயது, எவ்வளவு வேகமாக ஓடுவாய் என்று மட்டும் கேட்டால், மாஸ்டர் கேட்ட கேள்வியை நீயும் கேள். யார் துரத்துகிறார்கள் என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போடு.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். தங்கராசு மாஸ்டரின் சமையல். பந்தியில் உட்கார்ந்ததும் உள்ளே இருந்து அவர் குரல் கேட்டது. "டேய் தினேசு, நான் உப்புப் போட்டது தெரியாதா? நீ வேற எதுக்குடா போட்ட?" பக்கத்து இலைக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு சாம்பாரை ஒதுக்கினார். உப்புக் கரித்தது நிஜம்தான். வாளியோடு தினேஷ் வந்தான். என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

நான் இலையில் இருந்த சோற்றில் குழி பறித்து, இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.