ஈரப் பருத்தியை எதிர்த்து நின்றவர்

என் தமக்கையின் கணவர் பருத்தி விஞ்ஞானி. கோயமுத்தூரில் சர்க்கார் பண்ணை ஒன்றில் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் பூவில் தடவி, பூவுக்குக் காகித உறை மாட்டி, விதை முற்றும்வரை காவல் இருப்பது அவர் உத்தியோகம். இழை நீளமாகவும் பூச்சி தாங்குவதாகவும் ஒரு ரகத்தை உண்டாக்கப் பல வருஷங்கள் பாடுபட்டு, அதைக் கிட்டத்தட்ட எட்டியும் விட்டார். அந்தச் சமயம் பார்த்துத்தான் அவருக்குச் சட்டசபை ஆசை வந்தது.

ஆசைக்குக் காரணம் தண்ணீர். எங்கள் பக்கத்துக் குடியானவர் பருத்தியை வண்டியேற்றுமுன் அதன்மேல் நாலு குடம் தெளிப்பார், எடை கூடும். வியாபாரி நீள இழைக் கம்போடியா ரகத்தில் குட்டை இழைக் கருங்கண்ணி ரகத்தைக் கலப்பார். விதை பிரிக்கும் ஜின்னிங் மில்லில் பஞ்சை மறுபடி ஒருமுறை நனைப்பார்கள். கடைசியில் பம்பாய்க்காரன் பஞ்சு விலை கொடுத்து வாங்குவதில் ஒரு பங்கு நொய்யல் ஆறு. மச்சான் இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கைகளைக் கரையான் தவிர வேறு யாரும் முழுமையாகப் படித்ததாகத் தெரியவில்லை. சட்டம் போட்டால்தான் இது நிற்கும், சட்டம் போட வேண்டுமானால் தாமே சட்டசபைக்குப் போக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

சர்க்கார் ஊழியர் தேர்தலில் நிற்கக் கூடாது. ஆகவே வேலையை ராஜிநாமா செய்தார். வேலையோடு சர்க்கார் வீடும், பின்னால் வரவேண்டிய பென்ஷனும், காகித உறை மாட்டிய செடிகளும் போயின. குடும்பம் என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தது. சாமான் இறக்கிய அன்றே என் தமக்கை கேட்டாள்:

"தோத்துப்போனா என்னங்க பண்றது?"

"தோக்கறதுக்கு இதுல என்ன இருக்குது? நான் சொல்றது உண்மைதான?"

"உண்மைங்கறதாலதானுங்க கேக்கறேன்."

நான் வக்கீல் குமாஸ்தா. காகிதங்களை ஒழுங்காக வைத்திருப்பேன் என்ற ஒரே தகுதியில் அவருடைய தேர்தல் ஏஜெண்ட் ஆனேன். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதிவைக்கும் வழக்கமும் எனக்கு உண்டு. ஆகவே இங்கே சொல்வதில் ஞாபகப் பிசகு இராது.

எதிர் அபேட்சகர் ஒரு ஜின்னிங் மில் முதலாளி. அவர் பிரசாரம் என்று ஒன்றும் செய்யவில்லை. கல்யாணத்துக்குப் போனார், கருமாதிக்குப் போனார், மாரியம்மன் நோன்புக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தார். பருத்தி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. மச்சான் வாயில் வேறு சொல்லே வரவில்லை.

நிலவரி கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது பெரும்பாலும் ஓட்டு. அதாவது, பருத்தி நனைக்கிறவர்களிடம் போய், பருத்தி நனைப்பதைத் தடுக்க ஓட்டுக் கேட்பது எங்கள் திட்டம். ஒரு கைத்தராசு, கரி அடுப்பு, இரும்புத் தட்டு, இழை நீளத்தை விரித்துக் காட்டக் கறுப்பு வெல்வெட் துணி ஆகியவற்றுடன் வாடகைக் காரில் கிளம்புவோம். தேர்தலுக்கு வந்திருக்கிறோமா, ஜிலேபிக் கடை போட வந்திருக்கிறோமா என்று பார்க்கப் பிள்ளைகள் கூடவே ஓடி வருவார்கள்.

துடியலூருக்கு வடக்கே ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொன்னால் போதும், மற்ற ஊர்களும் அப்படியே. அவ்வூரில் பெரிய பண்ணையக்காரர் வாசலில் கூட்டம். மச்சான் அவருடைய களஞ்சியத்திலிருந்தே ஒரு கைப் பருத்தி கேட்டு வாங்கி எடை போட்டார். தட்டில் பரப்பி, அடுப்பின் அனலில் உலர்த்தினார். மறுபடி எடை போட்டார். தராசு தூக்கிக்கொண்டது.

"பாருங்க. கொறைஞ்சது பூராவும் தண்ணி. பருத்திங்கற பேருல இந்த ஊடு தண்ணி விக்குது."

நான் காரின் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். பண்ணையக்காரர் முகத்தில் சுருக்கம்கூட இல்லை.

"அருமையாச் சொன்னீங்க. படிச்சவங்கன்னா இப்படியல்லொ இருக்கோணும். அம்மணி, காப்பி கொண்டா."

காப்பியோடு தட்டு நிறைய முறுக்கும் வந்தது. "இந்த ஊரு ஓட்டு?" என்றார் மச்சான்.

"ஆகட்டுங்க. உங்களுக்கில்லாததுங்களா? பாத்துக்கலாமுங்க."

கூட்டத்தில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று வம்பு செய்தார். மேல்சட்டை இல்லாத கிழவர், இரண்டு ஏக்கர்காரர்.

"ஏனுங்க, எங்க தண்ணியப் புடிக்கறீங்களே, மில்லுக்காரன் தராசைப் புடிப்பீங்களா? அவன் நிறுக்கறப்ப வெரல் வெக்கறானே, அதுக்குச் சட்டம் உண்டுங்களா? அத மொதல்ல சொல்லுங்க. சொல்லாமக் கார்ல ஏறக்கூடாது."

அரைமணி நேரம் மச்சானை விடவில்லை. திரும்பும்போது மச்சான் காரில் அந்த ஊரைக் கணக்குப் போட்டார். தலையாட்டியவர்கள் அத்தனை பேரும் 'நிச்சயம்'. கிழவர் மட்டும் 'எதிரி'.

"மச்சான், நம்மூர்ல மாட்டேன்னு யாரு மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்காங்க? முறுக்கு வந்தாலே சந்தேகப்படோணும். நம்மளுக்குப் போடறவன்தான் சண்டைக்கு வருவான்."

"மாப்பிள்ளை, நான் இத்தன ஊர்ல கேட்டிருக்கேன். ஒரு ஊர்ல தப்பாகும், எல்லா ஊர்லயும் ஆகுமா?"

அவரும் இந்த மண்ணில்தான் பிறந்தவர். தம் மகளுக்குப் பிடிக்காத வரனைத் தட்டிக் கழிக்கும்போது "ஆகட்டுங்க, பாக்கலாமுங்க" என்று அவரே சொல்லி, வந்தவர்களுக்கு இலை போட்டு அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வீட்டு விஷயம். இது புள்ளிவிவரம்.

தேர்தலன்று ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு நிறப் பெட்டி. எங்களுடையது பச்சை. ஓட்டர்களில் பலர் எங்கள் காரில் ஏறி வந்து, எங்கள் பந்தலில் மோர் குடித்து, மச்சானைக் கும்பிட்டு, உள்ளே போய் முதலாளியின் பெட்டியில் போட்டு, வெளியே வந்து மறுபடி கும்பிட்டார்கள். இரண்டாவது கும்பிடு முதலாவதைவிடப் பணிவாக இருந்தது. மச்சான் அதையும் நல்ல குறியாகவே எடுத்துக்கொண்டார்.

எண்ணியபோது டெபாசிட் போயிற்று. அந்தக் கிழவர் மட்டும் இரண்டு நாள் கழித்து வீடு தேடி வந்து, "நான் போட்டது ஒண்ணு. மத்தவங்க போடலீங்களாட்ட. நீங்களும் சரியாப் பேசலீங்க" என்று திட்டிவிட்டுப் போனார்.

மச்சான் பழைய வேலைக்கு மனுப் போட்டார். அந்த இடத்தில் வேறொருவர் அமர்ந்தாயிற்று என்று ஒருவரியில் பதில் வந்தது. புதியவர் புகையிலை நிபுணர்; உறை மாட்டிய செடிகளைப் பிடுங்கிவிட்டு அங்கே புகையிலை நட்டிருந்தார். அதைப் போய்ப் பார்த்து வந்த நாளில் மச்சான் சாப்பிடவில்லை. என் தமக்கை "அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீடு இன்னும் கொஞ்சம் கலகலப்பாக இருந்திருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஜெயித்த முதலாளி, வெற்றிலை பாக்கு, பழத்தட்டுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க, நமக்குள்ள என்ன பகை. நீங்க பேசினது நூத்துக்கு நூறு நியாயமுங்க. நம்ம மில்லுக்கே வந்துருங்க. உங்க தராசு, அடுப்பு எல்லாத்தையும் கொண்டாங்க. வாசல்ல வர்ற பருத்தில ஈரம் எத்தனைன்னு நீங்க சொல்லோணும். அத்தனையும் வெலையில கழிச்சுப்போடலாமுங்க."

மச்சான் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்த மில்லின் வாசலில் அவருக்கென்று ஓடு வேய்ந்த கொட்டகை, மேசை, வெல்வெட் துணி எல்லாம் இருக்கின்றன. சட்டசபையில் போட முடியாத சட்டம் அந்த ஒரு வாசலில் அமுலாகிவிட்டது. அவர் பச்சைக்கொடி காட்டாமல் ஒரு வண்டியும் உள்ளே போகாது. கழிக்கிற பணம் முதலாளிக்கு. ஊர்க்காரர்கள் வண்டிக்கு வண்டி அவரைக் கும்பிட்டு, நகர்ந்ததும் வைகிறார்கள்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது, உள்ளே கிடங்குப் பக்கம் இரண்டு ஆட்கள் பூவாளியில் தண்ணீர் சுமந்து போவதைக் கண்டேன். பொதி கட்டுமுன் பஞ்சை நனைக்கப் போகிறார்கள் என்பது கேட்காமலே விளங்கியது.

"அது என்னங்க மச்சான்?" என்று கேட்டும் வைத்தேன்.

"உள்ள எனக்கு ஜோலி இல்லீங்க மாப்பிள்ளை. வாசல் மட்டுந்தான்." அவர் தராசுத் தட்டைத் துடைத்து வைத்தார். பிறகு, "ஆனாத் தண்ணி நல்ல தண்ணிதான். உப்புக் கம்மி. பஞ்சுல கறை புடிக்காது. நாந்தான் பரிசோதிச்சுக் குடுத்தேன்" என்றார்.