மாமா இறக்கிய வண்டி

எங்கள் மலையில் யாராவது ‘எறக்கணும்’ என்று சொன்னால் கேட்பவர்கள் முகம் வாடிவிடும். நோயாளியைக் கீழே சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அர்த்தம். கொட்டச்சேட்டில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான். எனக்கு இறக்குவது என்றால் மாமாவின் கார்.

மாமா, அம்மாவின் தம்பி, ஒண்டிக்கடை முக்கில் மெக்கானிக். எஸ்டேட்காரர் ஒருவர் மரத்தில் மோதிப்போட்ட சின்ன வெள்ளைக் காரை வாங்கித் தானே சரிசெய்து வைத்திருந்தார். கையும் ஓயாது, வாயும் ஓயாது. அம்மாவுக்கு முதுகெலும்பில் என்னவோ வந்திருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் வரும். ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த மாமா, சோற்றை அளைந்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுப் போய் பானெட்டைத் திறந்தார்.

குலுக்கலை வாங்கிக்கொள்ளும் முன்சக்கரத்து ஸ்ட்ரட்டுகளை மேலே பாடியோடு பிடித்திருக்கும் மவுண்டுகளைக் கழற்றி, வெட்டி, உயர்த்தி வெல்டிங் வைத்தார். ஸ்ட்ரட் மேலேற, வண்டி கீழே இறங்கியது. பின்பக்கத்துக்கும் அதற்கேற்ப ஏதோ செய்தார்.

“உக்காந்த வண்டி சாயாது கண்ணு. உங்கம்மா தொட்டில்ல படுத்த மாதிரி போவாங்க பாரு,” என்றார்.

அம்மாவைப் பார்க்க வந்த டாக்டர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இனியும் தாமசிக்காதீங்க. எறக்கிருங்க,” என்றார்.

நான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் ஓடினேன். “எறக்கியாச்சுங்க! மாமா நேத்தே எறக்கிட்டாருங்க!”

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே கட்டிலில் அம்மா மட்டும் சிரித்தாள்.

மறுநாள் காலை கிளம்பினோம். கார் உண்மையிலேயே சாயவில்லை. ஆனால் தாழ்ந்துபோன வண்டியில் சக்கரம் மேலே எழும்ப இடமேது? மழை அரித்த ரோட்டில் குழிக்குக் குழி ‘டங்’கென்று அடி விழுந்தது. பாவம், மாமா மட்டும் தெரிந்தா செய்தார்? அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. சிரிப்பை அடக்க முடியாதபோது அவள் அப்படித்தான் செய்வாள்.

வளைவுக்கு வளைவு மாமா கேட்டார். “சாயுதுங்களா அக்கா?”

“துளிகூட இல்ல சாமி. நொம்ப நல்லாருக்குது. நீ பாத்து ஓட்டு.”

அம்மாவைத் திரும்ப மலைக்குக் கொண்டுவந்தது வேறு வண்டி.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் நான் பெருமையாகச் சொன்னேன், மாமா காரில் அம்மா சேலம் போய்ச் சேரும்வரை முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தபடியே வந்தாள் என்று. நான் அதை ஆரம்பித்தாலே மாமா எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்கு என்மேல் ஏதோ கோபம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.