படியில் விழும் தண்ணீர்

வடக்குப்பட்டில், கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி அறைக்கு வெளிப்பக்கமாகத்தான் படிக்கட்டு. மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் தண்ணீர் வழிய ஒரு குழாய் உண்டு. அதன் வாய் நேராகப் படிக்கட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. தெரியாமல் வைத்ததல்ல. படியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்தான் கீழ்வீட்டு ஓனரம்மா மோட்டாரை அணைப்பார். இந்தத் தெருவில் பாதி வீடுகளில் இதே ஏற்பாடுதான்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த என் அறைத்தோழி, செகண்ட் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க இறங்கும்போது அந்தப் பாசிப் படியில் வழுக்கி விழுந்தாள். நான் மேலே தலை பின்னிக்கொண்டிருந்தேன். முதலில் தண்ணீர் சத்தம், அப்புறம் டிபன் பாக்ஸ் உருளும் சத்தம். அவள் கத்தவே இல்லை. அதுதான் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஷிப்ட் முழுக்க அசெம்ப்ளி லைனில் நின்றபடியே செய்ய வேண்டிய வேலை அவளுக்கு. கம்பெனிக்குள் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலே மஞ்சள் பலகை வைத்து, யார் பொறுப்பு என்று சூப்பர்வைசர் கேட்பார். வீட்டுப் படிக்கு அப்படிக் கேட்க ஆளில்லை.

ஓனரம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கரைத்துக் கொண்டுவந்து தன் கையாலேயே ஊட்டினார், அழுதார். ஆனால் குழாயைத் திருப்பிவிடச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"திருப்புனா டேங்க் ரொம்புனது எப்டிம்மா தெரியும்? இத்தினி வருசமா தண்ணி அங்கதான் வுழுது. யாராச்சும் வுழுந்தாங்களா? அந்தப் படியில இன்னாவோ கீது."

குழாயைத் திருப்பினால் தப்பு தன்னுடையது என்று ஆகிவிடும். பேய் என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நானே திருப்பலாம் என்று ஏறிப் பார்த்தேன், சிமெண்ட் வைத்து அசையாமல் பூசியிருந்தது.

அமாவாசையன்று ஓனரம்மா அதே படியில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். குங்குமம் கலந்த சதையும் விதையும் படியெல்லாம் சிதறிக் கிடந்தன. தண்ணீரைவிட அதில்தான் கால் அதிகம் வழுக்கும். நான் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கித் தள்ளினேன். திருஷ்டி கழித்ததைப் பெருக்கக் கூடாதாம், ஓனரம்மா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

தோழி ஊருக்குப் போய்விட்டாள். அவள் கட்டிலுக்கு வந்த புதுப் பெண்ணிடமும் ஓனரம்மா பேயைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறார். அவள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு அந்த ஈரப்படியைத் தாண்டிக் குதித்து இறங்குகிறாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கும் இப்போது அந்தப் படியைக் கண்டால் பயம்தான். தண்ணீர் விழத் தொடங்கினால் போதும், அடுத்து டிபன் பாக்ஸ் உருளும் என்று காது காத்துக்கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அறைக்கு வெளியே நின்றிருந்தபோது தோழி போனில் பேசினாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"யக்கா, அது என்ன சத்தம்?"

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"இன்னும் அங்கனதான் விழுதா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்போதும் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.