பார்க்காமல் இருந்தவர்

அடுத்தவர் செய்ததைப் பார்க்காமலே இருந்துவிட்டால், நாம் செய்வதெல்லாம் நம்முடையதாகிவிடுமா? யாரும் அவரிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. ஆனால் அவர் வாழ்ந்த விதம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆகிவிடும் என்று அவர் நம்பினார். பெரும்பாலோர் ஒன்றை நம்புவதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் அதன்படி வாழவும் செய்தார்.

திரைச்சீலைகளும் படுக்கை விரிப்புகளும் அச்சிடுகிற ஒரு துணி மில்லில் அவர் டிசைன் வரைந்தார். அதே மில்லில் சாயம் கலக்கும் பிரிவில் எனக்கு வேலை. அவருடைய வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். மில்லில் எல்லாருக்கும் அவர் 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'கடிவாளம்'.

பட்டப்பெயருக்குக் காரணம் இருந்தது. துணிக்கடை வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வார். பஸ்ஸில் முதல் வரிசையில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். பின்னால் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்களின் உடையில் இருக்கும் பூவும் கொடியும் கண்ணில் படுமாம். வேறு மில்லின் மாதிரிப் புத்தகம் வந்தால் டிசைன் அறையே அதை மொய்க்கும். அக்கா மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

"மாசத்துக்கு ரெண்டு புக் வரணும். அக்காவோட கிட்னிக்கு ரொம்ப நல்லது" என்பார் சூப்பர்வைசர்.

அக்கா சிரிக்க மாட்டார், கோபப்படவும் மாட்டார். விடிந்ததும் தூரிகைகளைக் கழுவி, ஒரு தாள் நிறையக் கோடுகள் மட்டும் இழுத்து, அதைக் கிழித்துப் போட்ட பிறகுதான் வீட்டில் யாரோடும் பேசுவார். காய்ச்சல் வந்தாலும் அந்தக் கோடுகள் நிற்காது. அவர் வரைந்தவை எப்படி இருந்தன என்று கேட்டால், சுத்தமாக இருந்தன என்பேன். ஒன்று மற்றொன்றைப் போல இருக்காது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தயக்கம்தான். சுத்தம் ஒரு நல்ல குணம். அது மட்டுமே கலையாகிவிடாது.

அவருக்கு ஒரு தங்கை. அவளும் வரைவாள். அக்காவைவிட எட்டு வயது சின்னவள், அப்போது வேலை எதுவும் கிடைத்திருக்கவில்லை. இருவருக்கும் ஒரே அறை. இரண்டு மேஜைகள், எதிரெதிர்ச் சுவர்களைப் பார்த்தபடி. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இது அக்கா போட்ட சட்டம். வரைந்து முடித்ததைக்கூடக் காட்டிக்கொள்வதில்லை. அக்கா மில்லுக்குக் கொடுத்த எதையும் தங்கை பார்த்ததில்லை.

"இவளுங்க முதுகப் பாத்துப் பாத்தே எனக்கு வயசாயிடுச்சு. மூஞ்சி மறந்து போச்சு" என்பார் அவர்களுடைய அம்மா.

தங்கைக்கு ஒரு பழக்கம். வாய் ஓடினால்தான் அவளுக்குக் கை ஓடும். வரைகிற அத்தனையையும் வரைந்துகொண்டே சொல்வாள், யாரிடம் என்று இல்லாமல். மாடிப்படியில் இறங்கும்போது எனக்கே கேட்கும். "இங்க ஒரு வளைவு. ஐயோ, ரொம்ப வளைஞ்சிடுச்சு, நிமிந்து நில்லுடா. ஆங், அப்படி." அக்கா அதைத் தடுக்கவில்லை. ஒழுகும் குழாயின் சத்தம் பழகிப்போவதுபோல் அது அவருக்குப் பழகிப்போயிருந்தது. தங்கையின் பேச்சைத் தான் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

மில்லில் ஒரு டிசைனர் இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்தபோது, தங்கை அதற்காக ஒன்றைத் தொடங்கினாள். அவளுடைய ஆசை முழுவதும் அந்த ஒரு தாளில் இருந்தது. பூச்சி தின்ற இலைகள், தாள் நிறைய. ஒவ்வொரு இலையிலும் ஓட்டைகள். ஓட்டைக்குள் பார்த்தால் பின்னால் ஒரு பூவின் துண்டு தெரியும். எங்கேயும் முழுப் பூ கிடையாது.

"எட்டிப் பாக்கிறவனுக்குத்தான் பூ" என்று சொல்லிக்கொண்டே வரைந்தாள். "முழுசா கேட்டா கெடையாது. போடா."

யோசனை பிடிபட்டுவிட்டது; ஓரம்தான் பிடிபடவில்லை. துணியில் அச்சாகும் படத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே படம் திரும்பத் திரும்ப வந்து துணியை நிரப்ப வேண்டும். அதனால் அதன் வலது ஓரம் இடது ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் இணைப்பு தெரியாமல் சேர வேண்டும். தங்கையின் இலை ஓரத்தில் வெட்டுப்பட்டது. இலை சேர்ந்தால் உள்ளே பூ சேரவில்லை. பல மாதங்கள் அதோடு மல்லுக்கட்டினாள்.

"அக்கா, ஓரம் சேர மாட்டேங்குது. ஒரே ஒரு தடவ பாரேன்."

"மாட்டேன்."

"ஓரத்த மட்டும் பாரு. நடுவுல கைய வெச்சு மறைச்சுக்கறேன்."

"பாத்தா எனக்குள்ள வந்துடும்டி. அப்புறம் அது உன்னோடதாவும் இருக்காது, என்னோடதாவும் இருக்காது. நீயே முட்டி மோது. அப்பதான் உனக்குன்னு ஒண்ணு வரும்."

"முட்டி மோதி மண்டதான் வீங்குது."

இது கல்நெஞ்சத்தோடு சொன்னது அல்ல. தங்கையின் நன்மைக்கு என்று உண்மையாகவே நம்பிச் சொன்னது. அதனால்தான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதே மாதங்களில் அக்காவுக்கும் ஒன்றும் வரவில்லை. கோடுகள் இழுப்பார், கிழிப்பார், மேஜை முன் உட்கார்ந்திருப்பார். சூப்பர்வைசர் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். அது நல்ல அறிகுறி அல்ல. பிறகு ஒரு காலையில், கோடுகள் முடிந்த கையோடு, ஒன்று வந்தது. இலைகள். அவற்றில் ஓட்டைகள். ஓட்டைகளுக்குள் பூ. ஓரம் முதல் முயற்சியிலேயே சேர்ந்துகொண்டது. இத்தனை வருடப் பழக்கம் அந்தக் கையில் இருந்தது. மில்லுக்கு வந்தபோது அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்திராத ஒரு வெளிச்சம்.

"எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியலைங்க. சும்மா உக்காந்திருந்தேன், வந்துடுச்சு" என்றார் என்னிடம். எதையும் பார்க்காமல் காத்திருந்ததற்குக் கிடைத்த கூலி என்று நினைத்தார்.

எங்கிருந்தும் வராத ஒன்று உண்டு என்பதில் எனக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை. நான் படித்த புத்தகங்களிலும், அப்படிச் சொல்லிக்கொண்டவர்களைவிடச் சொல்லாதவர்களையே மதித்திருக்கிறேன். ஆனால் அன்று நானும் அதை யோசிக்கவில்லை. மாடிப்படியில் என் காதில் விழுந்ததெல்லாம் எனக்கும் நினைவுக்கு வரவில்லை. பச்சை எத்தனை அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு சாயம் கலக்கப் போனேன்.

துணி கடைகளில் நன்றாக ஓடியது. அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தங்கை தன் தாளை முடித்தாள். ஓரம் ஒரு வழியாகச் சேர்ந்திருந்தது, கொஞ்சம் முரட்டுத்தனமாக. சிபாரிசு செய்ய மாட்டேன் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார்; அவளும் கேட்கவில்லை. அக்கா விடுப்பில் இருந்த ஒரு நாளாகப் பார்த்து, தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தானாக வந்தாள்.

சாய மாதிரி காட்டுவதற்காக நானும் அப்போது சூப்பர்வைசர் அறையில் இருந்தேன். அவர் தாளை விரித்தார். பார்த்தார். எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து வந்து தாளுக்குப் பக்கத்தில் உருட்டி விரித்தார்.

"ஏம்மா, அக்கா டிசைனதான் கொண்டு வரணும்னா கொஞ்சமாவது மாத்திக் கொண்டு வரக்கூடாதா?"

தங்கை துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், மாடிப்படியில் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்து, எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தேன், அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவள் குனிந்து, துணியில் இரண்டு படங்கள் சேரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் தடவினாள்.

"ஓரம் அழகா சேந்திருக்கு" என்றாள். தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் நடந்ததை அவர்கள் அம்மா எனக்குச் சொன்னார். தங்கை அந்தத் தாளை அக்காவின் மேஜைமேல் விரித்து, நான்கு மூலைகளிலும் சாயப் புட்டிகளை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். வெளியே போயிருந்த அக்கா உள்ளே வந்து, பழக்கத்தில் முகத்தைத் திருப்பினாராம்.

"இப்பப் பாக்கலாம்" என்றாள் தங்கை. "இனிமே பாத்தா ஒண்ணும் ஆகாது."

அக்கா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் பாக்கலடி. சத்தியமா உன் தாள நான் ஒரு நாளும் பாக்கல."

"தெரியும்க்கா. நீ பாக்க மாட்ட. பாத்திருந்தா இது நடந்திருக்காது. இது என்னோடதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும், உன் கை தானா விலகியிருக்கும். நான் பேசினத கேட்டிருக்க. கேட்டது யாரோடதுன்னுதான் மறந்துட்ட."

அம்மா ஏதோ சமாதானம் சொல்ல வந்து, யாரைச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அக்கா சூப்பர்வைசரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல. "வீட்டுக்குள்ள அக்கா தங்கச்சி விஷயம். துணி ஓடுதா, ஓடுது. யார் கை போட்டா என்ன? தங்கச்சிய வரச் சொல்லுங்க, வேற ஒண்ணு வரையட்டும், பாக்கறேன்" என்றார். தங்கை வரவில்லை. அக்கா கெஞ்சினார்; சேர்ந்து வரையலாம், இரண்டு மேஜையையும் ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னாராம். "வேணாம்க்கா, கழுத்து வலிக்குது" என்றாளாம் தங்கை. ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அக்காமேல் அவளுக்குப் பகை இல்லை. வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒரு முறை சமையலறையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு நறுக்கினாள்.

தங்கை வீட்டை விட்டுப் போன அந்த வருடம், மில்லில் நகல் எடுக்கும் பிரிவில் ஒரு நாற்காலி காலியானது. மற்றவர்கள் வரைந்த படத்தில் ஒவ்வொரு நிறத்தையும் அச்சுக்காகத் தனித்தனியாக ஒளி ஊடுருவும் தாளில் பிரதி எடுக்கிற வேலை அது. பச்சைக்கு ஒரு தாள், சிவப்புக்கு ஒரு தாள் என்று. சொந்தமாக ஒரு கோடுகூட இழுக்கக் கூடாது. புதிதாகச் சேருபவர்களை அங்கே உட்கார வைப்பார்கள். வரையத் தெரிந்தவர்கள் எப்போது வெளியே வரலாம் என்று காத்திருப்பார்கள். அக்கா அந்த நாற்காலியைக் கேட்டார்.

"உங்களுக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?" என்றார் சூப்பர்வைசர். "இங்க இருக்கறதுலயே நல்ல கை உங்களோடது."

"காலியாத்தானே இருக்கு சார்."

தண்டனையா, பரிகாரமா, வெறும் களைப்பா என்று மில்லில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் சில ஊகங்கள் இருந்தன. எதையும் சொல்லத் துணிய மாட்டேன். ஓய்வு பெறும் வரை அவர் அங்கேதான் இருந்தார். ஏன் இங்கே வந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, யாரோ வரைந்திருந்த ஒரு கொடியின் மேல் தாளைப் பரப்பி, அதை இமைக்காமல் பார்த்தபடி பிரதி எடுக்கத் தொடங்கினார்.